கோரி என்றொரு கல்

தனுஷ்கோடி ரயிலடிக்குப் பின்னால், மணல்மேட்டில் புதிதாக ஒரு கல் நிற்கிறது. சுற்றிலும் முள்கம்பி. பழைய கிரேக்கர்கள் இந்த முனையைக் 'கோரி' என்று எழுதினார்களாம். லத்தீன்காரர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்களாம். அந்த இரண்டு மொழி எழுத்திலும் சர்க்கார்க்காரர்கள் கல்லில் பெயர் வெட்டி, கீழே இங்கிலீஷிலும் எழுதியிருக்கிறார்கள். தனுஷ்கோடி என்று தமிழில் ஓர் எழுத்து இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கம்பிக்கு வெளியே, எஞ்சின் கரித்தூள் கிடக்கும் தண்டவாள ஓரத்தில், ஒரு மீனவப் பெண் நெத்திலி காயப்போடுகிறாள்.

"ஏம்மா, மணல்ல போடக்கூடாதா?"

"மேட்டு மணல்லதேன் போடுவோம். அங்கனதேன் ஈரம் ஏறாது. இப்ப உள்ள விடமாட்டேங்கிறாக." கல்லைக் காட்டுகிறாள். "அதுல என்ன எழுதியிருக்கு அய்யா?"

"இந்த எடத்துக்குக் கடல் தாண்டி இருந்தவங்க வச்ச பேரு."

"அவுக இங்கன வாராகளா?"

"இல்லம்மா. அவங்க காலம் முடிஞ்சு ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு."

"அப்ப யாருக்கு இந்தக் கம்பி?"

அந்தக் கல்லைப் பார்ப்பதற்கென்றே மதுரையில் ரயில் ஏறியவன் நான். குனிந்து, ஒரு நெத்திலியை எடுத்து, ஒட்டியிருக்கும் கரியைத் தட்டுகிறேன். போகமாட்டேன் என்கிறது.