கொழுப்பு நீக்கிய பால்

மளிகைக்கடைக்காரன் பொழப்பு என்பது, எவனோ எங்கேயோ டப்பா மேல் அச்சடித்த புளுகுக்கு இங்கே நின்று திட்டு வாங்குகிற பொழப்பு. கடை வைத்திருப்பவர்களே, நீங்களும் வாங்கியிருப்பீர்கள். ஆம்பூர் பஜாரில் நான் வாங்கியதைக் கேளுங்கள்.

யானைப் படம்

ஒரு பிஸ்கட் டப்பா வந்தது. மேலே யானை, 'நாலு தின்றால் நாளெல்லாம் பலம்' என்று கொட்டை எழுத்து. மேல்விஷாரத்திலிருந்து தோல் ஏற்றி வரும் வண்டிக்கார காதர் பாய், சோற்றை விட்டுவிட்டு அதைத் தின்று பார்த்தார். சாயங்காலம் கண் இருட்டி, மாட்டைப் பிடித்துக்கொண்டே கடை வாசலுக்கு வந்தார்.

"பலம் எங்கண்ணா? பசிதான் யானைக்கு எடுக்குற மாதிரி எடுக்குது!"

குழந்தைப் படம்

அது போகட்டும், பாய் பெரிய ஆள். பால் டின்னை நினைத்தால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது. டின் மேல் கொழுகொழுவென்று ஒரு வெள்ளைக்காரக் குழந்தை சிரிக்கும். கீழே ஏஜெண்டு ஒட்டிய தமிழ்ச் சீட்டு: 'யந்திரத்தால் கொழுப்பு நீக்கிய சுத்தமான பால். தேகபுஷ்டி தரும்.'

முனுசாமிக்குத் தோல் ஷாப்பில் வேலை. பச்சைத் தோலில் ஒட்டியிருக்கும் கொழுப்பைக் கத்தியால் சுரண்டி எடுப்பான். பெண்சாதிக்குக் காய்ச்சலில் பால் வற்றிப்போய், கைக்குழந்தை பசியில் கத்திக்கொண்டிருந்தது. பால் டின் கேட்டு வந்தவனிடம், பசும்பால் வாங்கிக் கொடுடா என்றேன். சீட்டைப் படிக்கச் சொல்லிக் கேட்டவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"கொழுப்ப எடுத்தாதான்ணா சரக்கு கெடாது. இதையே குடு!"

பொடி எழுத்து

கொஞ்ச நாளில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். கைகால் குச்சியாகி, அழக்கூடத் தெம்பில்லை. சாமான் வாங்க வந்திருந்த நர்சம்மா பதறிப்போய் டின்னைத் திருப்பிப் பார்த்தார். அடியில் எறும்பு மாதிரி இங்கிலீஷ்: 'குழந்தைகளுக்கு உதவாது.' மேலே குழந்தைப் படம், அடியில் குழந்தைக்கு உதவாதாம்! அடப் பாவிகளா! நர்சம்மா அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். நல்லவேளை, குழந்தை பிழைத்தது.

அடுத்த தடவை ஏஜெண்டு வந்ததும் அத்தனை டின்னையும் அவன் வண்டியில் எறிந்தேன். பயல் அசரவே இல்லை.

"இங்கிலீஷில் தெளிவாகப் போட்டிருக்கிறதே ஐயா, படிக்காதது யார் குற்றம்?"

முனுசாமியின் கேள்வி

குழந்தையோடு கடைக்கு வந்திருந்த முனுசாமி இதைக் கேட்டுவிட்டான். ஏஜெண்டின் வண்டியை மறித்துக்கொண்டு நின்றான். அடிக்கப் போகிறான் என்றே நினைத்தேன். தடுக்கவும் எனக்கு மனசில்லை. அவன் கை ஓங்கவில்லை.

"நான் செத்த மாட்டுத் தோல்ல கொழுப்பச் சுரண்டுறேன். நீ உசுரோட இருக்குற புள்ளகிட்ட சுரண்டுறியே, நீ இன்னாய்யா மனுசன்?"

கம்பெனி திருந்தியதா என்கிறீர்களா? அடுத்த வருஷம் பஜாருக்கு வந்த டின்னில் குழந்தைப் படம் இன்னும் கொஞ்சம் குண்டாக இருந்தது.