ராமாமணி தாண்டிய பன்னிரண்டு எண்கள்

கணபதி பகுதியில் வரதராஜுலுவின் மோட்டார் பட்டறையில் ராமாமணிக்குப் பத்தொன்பது வருடமாக ஒரே வேலை. போர்வெல்லுக்குள் இறக்கும் மோட்டார்களின் தகட்டில் வரிசை எண்ணை அடிப்பது. எண் பொறித்த எஃகு அச்சைத் தகட்டின் மேல் நிறுத்தி, சுத்தியலால் ஒரே தட்டு. இரண்டாவது தட்டு விழுந்தால் எண் இரட்டையாகத் தெரியும்.

தட்டுவதற்கு முன் அவர் உதடு அசையும். ஒற்றை இலக்கம் வரும்வரை இலக்கங்களைக் கூட்டுகிறார். கடைசியில் எட்டு வந்தால் அந்த எண்ணையே தாண்டிவிடுவார். அவராக ஏற்படுத்திய வழக்கமல்ல இது. அவர் வேலைக்குச் சேர்ந்த வருடம் காரமடைத் தோட்டக்காரர் ஒருவர் புது மோட்டாரைத் திருப்பிக் கொண்டுவந்தார். "எட்டு நம்பர எறக்குனா போர்ல தண்ணி நிக்குமுங்களா?" என்றவர், வேறொன்றை வாங்கிப் போனார். "அம்மணி, இனி எட்டு வேண்டாம்" என்றார் வரதராஜுலு. அவ்வளவுதான். அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

சென்ற ஆண்டு தைவானிலிருந்து பட்டறைக்கு முதல் ஆர்டர் வந்தது. நூறு மோட்டார். வாங்கியவர் பெயர் லின். அவர் அலுவலகத்தில்தான் எனக்கு வேலை. பெட்டிகளைப் பிரித்தபோது எண்கள் 7101-இல் தொடங்கி 7212-இல் முடிந்தன. நடுவே பன்னிரண்டு இல்லை. சோதனையில் தேறாத மோட்டார்களை மறைக்கிறார்கள் என்று லின் முடிவு கட்டினார். சரியான விளக்கம் வராவிட்டால் அடுத்த ஆர்டர் கிடையாது.

வரதராஜுலுவின் மகன் சாய்கிருஷ்ணாவுக்கு இந்த வழக்கம் தெரியாது. வீடியோ அழைப்பில் லின் வந்து உட்காருவதற்குள் அங்கே நடந்த பேச்சு எனக்குக் கேட்டது.

"ஏனுங்க்கா, பன்னெண்டு நம்பர என்ன பண்ணிப்போட்டீங்க?"

"எட்டுங்க தம்பி. அப்பாவக் கேளுங்க."

"அப்பாவுக்கு நேத்துத் தின்னதே ஞாபகமில்ல. இந்த ஆர்டரு போச்சுன்னா நம்பர் அடிக்கற லேசர் மிஷினு வாங்கிப்போடுவனுங்க. நீங்க பேக்கிங்குக்குப் போயிருங்க."

"அங்க போயி அட்டப்பொட்டிக்கு டேப்பு ஒட்டிட்டு உக்காரோணுமா?"

லின் வந்தார். அவர் ஆங்கிலத்தில் கேட்டதை நான் தமிழில் சொன்னேன். ராமாமணி ஒரு நோட்டைக் கேமராவுக்கு நேராகப் பிடித்தார். தாண்டிய எண்களைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார். "அடிக்கவே இல்லீங்க. எட்டு நமக்கு ஆகாதுங்க."

இதை அப்படியே சொல்வதா, கணினிக் கோளாறு என்று மாற்றிச் சொல்வதா என்று யோசித்தேன். தைவானில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் லிஃப்டில் மூன்றுக்கு அடுத்த பொத்தான் ஐந்து. அது நினைவுக்கு வந்த பிறகு, உள்ளதைச் சொன்னேன்.

 லின் ஒரு தாளை எடுத்துக் காட்டினார். எண்ணில் நான்கு இருக்கும் பதினெட்டு மோட்டார்கள் அவர் கிடங்கிலேயே கிடந்தன. அவர்கள் மொழியில் நான்கும் சாவும் ஏறக்குறைய ஒரே ஒலி என்பதால் வாங்க வந்தவர்கள் தொடவில்லை. சிரிப்பார்களோ என்று அலுவலகத்தில் எங்களிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தார்.

"எட்டு எங்களுக்கு நல்ல எண். அதை ஏன் கூட்டிக் கண்டுபிடிக்கிறீர்கள்? நாங்கள் எண்ணைப் பார்ப்பதோடு சரி, கூட்டுவதில்லை" என்றார். அடுத்த நூறில் நான்கு வரக் கூடாது, மற்ற எண் எல்லாம், கூட்டினால் எட்டு வருவதும் சேர்த்து, வரிசையாக வேண்டும்.

"நாலா? நாலு என்னங்க பாவம் பண்ணுச்சு?" என்றார் ராமாமணி. பிறகு குரல் இறங்கியது. "அப்ப எட்ட நான்தான் அடிக்கோணுமா தம்பி?"

"நீங்க இல்லீன்னா மிஷினுதானுங்க்கா."

அடுத்த மாதம் விடுமுறையில் ஊருக்குப் போனபோது நான் பட்டறையில் நின்றேன். 7216 முடிந்தது. ராமாமணி உதட்டை அசைத்தார். அடுத்த எண்ணுக்கு அச்சை நிறுத்தினார், எடுத்தார், சேலையில் துடைத்தார், மறுபடி நிறுத்தினார். தட்டினார். கை தானாக இன்னொரு முறையும் தட்டிவிட்டது. 7217 இரட்டையாக விழுந்திருந்தது.

சாய்கிருஷ்ணா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ராமாமணி அந்தத் தகட்டைக் கழிவுப் பெட்டியில் போட்டுவிட்டுப் புதுத் தகடு எடுத்தார். இம்முறை ஒரே தட்டு.

தைவானுக்கு ஆகாத 7214 உள்ளூர் அலமாரிக்குப் போயிருந்தது. மதியம் காரமடைக் கடைக்காரர் கந்தப்பன் வந்தார். அதைத் திருப்பிப் பார்த்து விரலை மடக்கிக் கூட்டினார்.

"அஞ்சுங்க! இதையவே ஏத்துங்க" என்றார்.

ராமாமணி 7219-க்கு அச்சை எடுத்துக்கொண்டிருந்தார். சாய்கிருஷ்ணா லேசர் மிஷின் கம்பெனிக்காரரை ஃபோனில் கூப்பிட்டு, இப்போதைக்கு வேண்டாம் என்றார்.