முன்கண்ணாடிச் சட்டத்தின் உயரம்

என்ர மனுசன் வேலையிலிருந்து ஓய்வு எடுத்த பிறகு, ஹனோவரில் எங்கட வீட்டுக் கராஜுக்குள் ஒரு கார் கட்டத் தொடங்கினவர். ஹொட் ரொட் என்பார். பழைய காலத்து அமெரிக்கக் காரின் வடிவம், கூரை கிடையாது. உடம்பும் தகரமில்லை, ஃபைபர் கிளாஸ். அது வந்து இறங்கியபோது குளிக்கிற தொட்டி என்றுதான் நினைத்தேன்.

சில்லு, எஞ்சின், சீற் எல்லாம் பூட்டி முடிந்தது. முன்கண்ணாடிச் சட்டம் மட்டும் மிச்சம். ஃபைபரில் சும்மா துளை போட்டு முறுக்கினால் வெடித்துப் போகுமாம். அதற்காக உள்பக்கம் இரும்புத் தகடு வைத்து ஒட்டினார். சட்டத்தை எவ்வளவு சாய்க்கிறது என்பதுதான் அவருக்குப் பெரிய யோசனை. கூடச் சாய்த்தால் வடிவு. ஆனால் மேல் கம்பி ஓட்டுகிறவரின் கண்ணுக்கு நேரே வந்து றோட்டை மறைக்கும். அவர் நல்ல உயரம்.

"நான் சீற்றில இருக்கிறன். நீர் சட்டத்தைப் பிடிச்சுக்கொண்டு நில்லும்" என்று கேட்டார்.

கராஜ் கதவு றோட்டைப் பார்த்தது. எதிர்வீட்டு ஜெர்மன் மனுசி எந்த நேரமும் பூக்கண்டுக்குத் தண்ணி விட்டபடி நிற்பார். எனக்குக் கூச்சம்.

"சனம் பாக்குது. நாளைக்குப் பாப்பம்."

"உம்மை ஆர் பாக்கினம்? காரையெல்லோ பாக்கினம்."

"காரைப் பாத்துப்போட்டு என்னைத்தானே பாப்பினம்."

சிரித்துவிட்டுப் போனார். சட்டத்தைக் கயிற்றால் கட்டி வைத்து, தானே ஏறி இருந்து பார்த்து, இறங்கிச் சரி செய்து, திரும்ப ஏறி, ஒரு பின்னேரம் முழுக்க மினக்கெட்டார். நான் குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் காரில் மஞ்சள் ரேப் ஒட்டி, சட்டம் நிற்க வேண்டிய சாய்வுக்கு அதில் பென்சிலால் கோடு போட்டார். துளை போடவில்லை. "போட்டால் போட்டதுதான். ஆறுதலாப் போடுவம்" என்றார்.

அடுத்த கிழமை நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை. அதற்கு முதல் நாளே, செத்தவீட்டுத் துடக்குக் கழிய வீடு கழுவ வேண்டும். நான் ஒருவரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. திரைச்சீலை, கதவு, சுவர் என்று அழுதழுது தேய்த்தேன். பிறகு கராஜ். காரில் தூசி படிந்திருந்தது. அந்த நேரம் எனக்கு எல்லாமே துடக்காகத்தான் தெரிந்தது. ரேப்பை உரித்து எறிந்து, சவர்க்காரத் தண்ணியால் துடைத்து, மஞ்சள் தண்ணி தெளித்தேன்.

சித்திரையில், அவரோடு வேலை செய்த தம்பி ஒருவர் வந்தார். "அண்ணை விட்ட இடத்தில இருந்து நான் பூட்டித் தாறன் அக்கா" என்றார். காரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"கோடு போட்டு வைச்சிருக்கிறன் எண்டு போனில சொன்னவர். எங்கை அக்கா?"

நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "நான் கழுவிப்போட்டன் தம்பி."

நான் துடைத்த இடத்தை அவர் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "பறவாயில்லை. அண்ணை இருந்தால் தலை எவ்வளவு உயரத்தில வரும்? அது தெரிஞ்சாலே காணும்" என்றார்.

அது எனக்குத் தெரியும். உள்ளே ஓடினேன். சோபாவில் அவர் இருக்கிற மூலைக்குப் பின்னால், சுவரில் எண்ணெய்க் கறை. எண்ணெய் வைத்த தலையைச் சாய்த்துச் சாய்த்தே வந்த கறை. அதற்காக எத்தனை நாள் அவரை ஏசியிருப்பேன். சோபாவுக்கு முன்னால் போய் நின்ற பிறகுதான் ஞாபகம் வந்தது. சுவர் வெள்ளையாக இருந்தது. அன்றைக்கு ஆகக் கூட நேரம் நான் தேய்த்தது அந்த இடத்தைத்தான்.

திரும்பிப் போய், "தெரியேல்லைத் தம்பி" என்றேன்.

 தம்பி தானே ஏறி இருந்து, அண்ணை தன்னிலும் நாலு விரல்கடை உயரமாக இருப்பார் என்று ஒரு மதிப்புப் போட்டார். "சட்டத்தைப் பிடியுங்கோ அக்கா."

பிடித்தேன். கதவு திறந்துதான் இருந்தது. எதிர்வீட்டு மனுசி தண்ணி வாளியோடு பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும் என்று நின்றேன். துளை போடப் போட வெள்ளைத் தூள் என்ர கையில் கொட்டியது.

சட்டம் வடிவாகத்தான் நிற்கிறது. சில பின்னேரங்களில் போய்ப் பக்கத்துச் சீற்றில் இருப்பேன். ஓட்டுகிற சீற்றைப் பார்ப்பேன், மேல் கம்பியைப் பார்ப்பேன். அது அவருடைய கண்ணுக்கு மேலே போகுமோ, நேரே வந்து மறைக்குமோ, என்னால் சொல்ல ஏலாது.