கழுவி வைத்த கோப்பை

முப்பத்தொரு வருடம் தபால் கந்தோரில் முத்திரை குத்தியவள் நான். மூடிய உறையைக் கண்டால் உள்ளே இருப்பதை ஊகிக்காமல் எனக்குச் சோறு இறங்காது. ஓய்வு பெற்ற பிறகு அந்தப் புத்தி தொலைக்காட்சிக் கொலை நாடகங்களில் போய் ஒட்டிக்கொண்டது. அதற்கென்று ஒரு கொப்பியும் வைத்திருக்கிறேன். ஆள், சந்தேகம், காரணம் என்று கோடு கிழித்து எழுதுவேன். "ஒனக்கு ஊருல எல்லாருமே கள்ளந்தான் டொரதி. என்னையும் அதுல எழுதியிருக்கியா?" என்பார் என் வீட்டுக்காரர் அந்தோனிமுத்து. எழுதியிருக்கிறேன், ஒரு தடவை, பென்சிலால்.

இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், அடுத்த வீட்டு பஸீஹாவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவளுக்கு நடந்ததில் குற்றவாளி யார் என்று கேட்டால் கொப்பியின் முதல் வரியில் என் பெயரைத்தான் போட வேண்டும்.

பஸீஹா அக்குறணைக்காரி. தாஸிமைக் கலியாணம் கட்டி எங்கள் தெல்தெனியச் சந்துக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. தாஸிம் பஸ் நிலையத்தடியில் குடையும் பையும் விற்றார். தங்கமான மனிதர், ஆனால் இனிப்புப் பைத்தியம். நாற்பது வயதில் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு வந்தது. அன்றிலிருந்து பதினொரு வருடம் பஸீஹா அந்த வருத்தத்தோடு சண்டை பிடித்தாள். சோற்றைக் கோப்பையால் அளந்து போட்டாள். சீனி டின்னை அலுமாரிக்கு மேலே ஏற்றினாள், சீனி போட்டுக் காய்ச்சிய டின்பாலைப் பழைய உடுப்புகளுக்குள் ஒளித்தாள். பெருநாளைக்கு வட்டிலப்பம் அவித்தால் அவருக்கு ஒரே ஒரு கரண்டி, அதையும் பக்கத்தில் நின்று பார்ப்பாள். தாஸிம் அவளுக்கு வைத்த பெயர் 'சீனிப் பொலிஸ்'. சந்து முழுக்க அந்தப் பெயர் பரவியது. அவள் கோபித்ததில்லை. "பொலிஸ் இல்லாட்டி கள்ளன் எப்பயோ போய்ச் சேந்திருப்பான்" என்று சிரிப்பாள்.

போன வருடம் ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணியிருக்கும். அவர்களுடைய ஒரே மகள் ஷஹ்மா வீரிட்டுக் கத்துவது கேட்டது. நான் பின்கதவால் ஓடினேன். தாஸிம் முன்னறைக் கதிரையில் சாய்ந்தபடி உயிரை விட்டிருந்தார். ஷஹ்மா அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு கதறினாள். அவளுக்கு அப்போது இருபது வயது. பஸீஹாவைத் தேடிக் குசினிக்குள் போனால், அவள் கோப்பை கழுவிக்கொண்டு நின்றாள். சோப்புப் போட்டுக் கழுவி, மறுபடியும் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, அலுமாரியின் பின்வரிசையில் வைத்தாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

டொக்டர் வந்தார். ஏற்கனவே இரண்டு தடவை நெஞ்சு வலித்து ஆஸ்பத்திரியில் கிடந்தவர்தானே, மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார். அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கினார்கள். கோப்பையை நான் மறந்துபோனேன்.

பஸீஹா இத்தா இருந்தாள். புருஷனை இழந்த முஸ்லிம் பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே போவதில்லை, பிற ஆண்கள் முன்னால் வருவதுமில்லை. பெண்கள் துணைக்குப் போய் உட்காருவோம். அந்த நேரம் பார்த்துத்தான் சனிக்கிழமை பின்னேரங்களில், வாரம் ஒரு தடவையாக, ஒரு சிங்களக் கொலை நாடகம் தொடங்கியது. என் வீட்டில் அந்தோனிமுத்து கிரிக்கெட் போட்டுக்கொண்டு ரிமோட்டின் மேல் படுத்திருப்பார். தாஸிம் ஆசையாக வாங்கிய பெரிய டீவி அடுத்த வீட்டில் சும்மா கிடந்தது. நான்தான் போய்க் கேட்டேன். தாஸிம் 'தாத்தா' என்று கூப்பிட்ட அவருடைய அக்கா றிப்தா, "இத்தா ஊட்டுல டீவியா?" என்று முகம் சுளித்தாள். பஸீஹா, "சத்தத்தக் கொறச்சிப் போடுங்கோ, ஆக்கள் ஈந்தா எனக்கும் நல்லந்தான்" என்றாள். 'ஈந்தா' என்றால் 'இருந்தா', அது அவர்களுடைய பேச்சு. மூன்றாம் கிழமை றிப்தாதான் எல்லாருக்கும் முதலில் வந்து நல்ல கதிரையைப் பிடித்தாள்.

நாடகத்தில் ஒரு பங்களாக்காரர் வராந்தாவில் செத்துக் கிடக்கிறார். அவருடைய மனைவி சுமேதா, தம்பி, சமையற்காரன், டொக்டர் என்று நாலு பேர் மேல் சந்தேகம். கதை நகரவே நகராது. முதல் மூன்று கிழமையும் மழைதான் பெய்தது. இன்ஸ்பெக்டர் படியில் ஏறத் தொடங்கினால் அடுத்த கிழமைதான் மேலே போய்ச் சேருவார். "இவரு போய்ச் சேர முந்தி கொலகாரன் வயசாகிச் செத்துருவான்" என்றாள் பின்வீட்டு ரிஸ்னா. ஆனால் ஒருத்தியும் எழும்பிப் போகவில்லை. மெதுவான நாடகத்தில் ஒரு வசதி, நடுவில் எங்களுக்குப் பேச நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில் நாங்கள் பேசியதெல்லாம் சுமேதாவைப் பற்றித்தான்.

"அழல்லயே அவ, பாத்தீங்களா?" என்றாள் றிப்தா. "புருஷன் மவுத்தாகி மூணு கெழம. கண்ணு காஞ்சி போய்க் கெடக்கு."

"அழாதவளத்தான் நம்பக் கூடாது" என்றேன் நான்.

பஸீஹா சுவரோரம் பாயில் இருந்து எங்களை ஒரு தடவை பார்த்தாள். எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை.

ஐந்தாம் கிழமை, சுமேதா ஒரு கோப்பையைக் கழுவினாள். கமெரா அந்தக் கோப்பையை விட்டு அசையவில்லை. பஸீஹா குசினியில் எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். ஷஹ்மா கதவடியில் நின்றாள். என் வாய் சும்மா இருந்திருக்கலாம். "அட, இதே மாதிரித்தான் அண்ணைக்கு நம்ம பஸீஹாவும் கோப்பை கழுவிக்கிட்டு நின்னா" என்று சொல்லிவிட்டேன்.

எல்லாக் கழுத்தும் குசினிப் பக்கம் திரும்பியது. அன்று போகும்போது றிப்தா கேற்றடியில் என் கையைப் பிடித்தாள். "எத்தின மணிக்கு டொரதி? டொக்டர் வரக்கு முந்தியா?" நான் நேரம் சொன்னேன், எத்தனை தடவை சோப்புப் போட்டாள் என்பதையும் சொன்னேன். சாட்சிக்காரி மாதிரி என்னை ஒருத்தி கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. அதையும் மறைக்கக் கூடாது. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் அள்ளிக் கொடுத்தவள் நான்.

அதற்குப் பிறகு நாங்கள் டீவியைப் பார்த்தது பாதி, பஸீஹாவைப் பார்த்தது பாதி. சுமேதா பொய் சொன்னால் எல்லாக் கண்ணும் பாய்ப் பக்கம் திரும்பும். அவள் தலை குனிந்தால் அது ஒரு சந்தேகம், நிமிர்ந்தால் இன்னொரு சந்தேகம். ஏழாம் கிழமைதான் நான் பெரிய விஷயத்தைக் கவனித்தேன். பஸீஹா தட்டத்தோடு வந்து மகளுக்கு ஒரு கோப்பையை நீட்டினாள். ஷஹ்மா கையை இழுத்துக்கொண்டு, எழும்பிப் போய்த் தானே பைப்பில் தண்ணீர் பிடித்துக் குடித்தாள். அடுத்த கிழமையும் அப்படித்தான். ரிஸ்னாவிடம் சொன்னேன். "பெத்த மகளே நம்பல்லண்டா, நெருப்பில்லாமப் பொகையுமா?" என்றாள் அவள்.

பிறகு மற்றவர்களும் தேத்தண்ணியை நிறுத்தினார்கள். ஒருத்திக்கு வயிறு சரியில்லை. ஒருத்தி இப்போதுதான் குடித்துவிட்டு வந்தாளாம். றிப்தா, "நான் நோன்பு" என்றாள்.

பஸீஹா தட்டத்தோடு நின்றாள். "சனிக்கெழமையில நோன்பா மதினி?" என்று மெதுவாகக் கேட்டாள். கடமையில்லாமல் விரும்பிப் பிடிக்கும் சுன்னத்தான நோன்பு என்றால் திங்களும் வியாழனும்தான். சனிக்கிழமையை மட்டும் எடுத்து யாரும் நோன்பு பிடிப்பதில்லை என்று அந்நிய மதக்காரி எனக்கே தெரியும். றிப்தா டீவியின் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸீஹா கோப்பைகளைத் திருப்பிக் கொண்டுபோனாள்.

அன்று நான் பின்னாலேயே குசினிக்குப் போனேன். மனச்சாட்சி உறுத்தியது என்று சொல்ல ஆசைதான். உண்மையில் வேவு பார்க்கப் போனேன். அவள் தேத்தண்ணியை ஒவ்வொரு கோப்பையாகக் கழிவுத் தண்ணீர் போகும் பீலிக்குள் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஊருல ஆக்கள் என்த செல்றாங்க எண்டு எனக்குத் தெரியும் அக்கா" என்றாள். "செல்லிட்டுப் போகட்டும். ஆனா என்ட புள்ள என்ட கையால ஒரு மொடறு டீ குடிக்கிறல்ல. அவளுமா அப்பிடி நெனக்கிறா? அத மட்டுந்தான் என்னால தாங்க ஏலா."

"அப்ப கேட்டுப் பாக்கலாம்தானே" என்றேன்.

"கேட்டா அவ வேற ஏதும் செல்லிருவாளோ எண்டு பயம்" என்றாள். அந்த 'வேற ஏதும்' என்னவென்று எனக்கு விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து கொப்பியில் எழுதினேன்: 'எதையோ மறைக்கிறாள்.'

பதினேழாம் கிழமையோடு நாடகம் முடிந்தது. பஸீஹாவின் இத்தாவுக்கும் அதுதான் கடைசிக் கிழமை. எட்டுப் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தோம். இன்ஸ்பெக்டர் ஒருவழியாகப் படியேறி முடித்து, கொன்றவர் டொக்டர் என்றார். சுமேதா ஒரு பாவமும் அறியாதவள். அவள் கோப்பையைக் கழுவியது வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கும் பழக்கத்தால், அவ்வளவுதான்.

ஒருத்திக்கும் பிடிக்கவில்லை. "என்தப் பேக்கதை இது?" என்றாள் ரிஸ்னா. "எழுதினவனுக்குப் பொம்புளயப் பத்தி ஒண்டும் தெரியா" என்றாள் றிப்தா. "அவதான் செஞ்சிருப்பா. டொக்டர் மேல போட்டுட்டான்." நான்கூடத் தலையாட்டினேன். கொப்பியில் சுமேதாவின் பெயருக்குக் கீழே இரண்டு கோடு போட்டு வைத்திருந்தேனே! டீவிக்காரனே விடுதலை செய்தவளை நாங்கள் விடுவதாக இல்லை.

அந்த ஆத்திரத்தில்தான் றிப்தா திரும்பினாள். "பஸீஹா, நாடகம் முடிஞ்சிட்டு. நீ செல்லு. அண்டெக்கி என்ட தம்பிட மையத்தக் கதிரயில வெச்சிட்டு என்த கோப்பை கழுவின? அதுல என்த ஈந்த? யாரு குடுத்த?"

டீவியில் விளம்பரம் ஓடியது. பஸீஹா மகளை ஒரு தடவை பார்த்தாள். பிறகு நாத்தனாரின் முகத்தைப் பார்த்தே சொன்னாள்: "டின்பால் போட்ட டீ. நாந்தான் குடுத்த."

றிப்தாவின் வாய் திறந்தபடி நின்றது. நான் நினைத்தேன், அப்பாடா, வந்துவிட்டது என்று. கடவுள் என்னை மன்னிக்கட்டும், அதுதான் நான் நினைத்தது.

"பொய்!" ஷஹ்மா கதவடியிலிருந்து கத்தினாள். "உம்மா பொய் செல்றாங்க. உம்மா அந்நேரம் பின்னுக்கு உடுப்புக் காயப்போட்டுட்டு ஈந்தாங்க. வாப்பாதான் கேட்டாரு. இண்டெக்கி மட்டும் மகள், பொலிஸுக்குச் செல்ல வாணா எண்டு. டின்பால தேடி எடுத்து ரெண்டு கரண்டி போட்டது நான். குடிச்சிட்டுச் சிரிச்சாரு மாமி. கோப்பைய என்ட கையில தந்துட்டு அப்பிடியே சாஞ்சிட்டாரு." அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "அண்டெலருந்து டீயக் கண்டா எனக்கு வாப்பாதான் தெரியிது. எறங்குறல்ல."

பஸீஹா எழும்பவில்லை, பாயிலேயே முழங்காலால் நகர்ந்து போய் மகளைக் கட்டிக்கொண்டாள். "டொக்டர்ட அண்டெக்கே கேட்டுட்டேன் மகள். நெஞ்சுதான், ஒரு கோப்பை டீயால ஆள் மவுத்தாகுறல்ல எண்டு செல்லிட்டாரு. ஆனா அதுக்கு முந்தி உன்ட கையில கோப்பையக் கண்டேன், ஆக்கள் வந்து அதப் பாத்தா யாரு குடுத்த எண்டு கேப்பாங்களே. உன்னக் கேட்டுருவாங்களே எண்டுதான் கழுவின. ஒளிச்சி வெச்ச டின்பால்ல நான் ஏதோ கலந்தேன் எண்டு நீ என்னயச் சந்தேகப்பட்டுக் குடிக்கல்ல எண்டு நெனச்சேன்."

"உம்மாவயா?" என்றாள் ஷஹ்மா.

மகள் தன்னை நம்பவில்லை என்று எண்ணிக்கொண்டே, அந்த மகளுக்காகக் கொலைப்பழியை ஏற்கத் துணிந்திருக்கிறாள். நான் கிழமைக் கணக்காக எழுதிய கொப்பியில் இந்த ஒரு காரணம் எங்குமே இல்லை. வெட்கமாக இருந்தது.

முதலில் உடைந்தவள் றிப்தா. "வெள்ளிக்கெழம ஜும்ஆ முடிஞ்சா என்ட ஊட்டுக்குத்தான் வருவான்" என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு. "தொதல், வட்டிலப்பம், என்த ஈக்கோ அதத் திம்பான். பஸீஹாக்குச் செல்ல வாணா தாத்தா எண்டு கெஞ்சுவான். பதினொரு வருஷமாக் குடுத்தவ நாந்தான்." முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அந்தக் கோப்பைக்குள் ஏதாவது இருந்திருக்க வேண்டும் என்று அவள் ஏன் அவ்வளவு ஆசைப்பட்டாள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் வேலிக்கு மேலால் தாஸிமுக்கு நான் நீட்டிய கேக் துண்டுகளைப் பற்றி அன்று நான் வாய் திறக்கவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

கொஞ்ச நேரத்தில் பஸீஹா குசினிக்குப் போனாள். டின்பால் டின்னையும் சீனியையும் வெளியே எடுத்துத் தட்டத்தில் வைத்தே கொண்டுவந்தாள். அந்த வீட்டில் அவை இரண்டும் பகிரங்கமாக வெளியே வந்ததை அன்றுதான் பார்த்தேன். முதல் கோப்பையை மகளுக்கு நீட்டினாள். ஷஹ்மா இரண்டு கையாலும் வாங்கி நெடுநேரம் வைத்திருந்தாள். பிறகு ஒரு மிடறு குடித்தாள். நாங்கள் எல்லாரும் அவளுடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். இறங்கியது.

"மதினி நோன்புதானே" என்றாள் பஸீஹா.

"நோன்புமில்ல ஒண்டுமில்ல. இங்க தா" என்று றிப்தா கையை நீட்டினாள்.

அப்போதுதான் பஸீஹாவுக்கு அழுகை வந்தது. நாலு மாதமாக வராதது. அவள் சத்தம் போட்டு அழுதாள், ஒருத்தியும் தடுக்கவில்லை. எனக்குக் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. வெறுங்கோப்பைகளைப் பொறுக்கித் தட்டத்தில் அடுக்கிக்கொண்டு பைப்படிக்குக் கிளம்பினேன்.

"வைங்க அக்கா" என்றாள் பஸீஹா, அழுதுகொண்டே. "கழுவ வாணா. அப்பிடியே கெடக்கட்டும்."