மூக்கில் ஒரு சார்

என் படுக்கையறை மூலையில் ஒரு பழைய எடை மிஷின் கிடக்கிறது. ஏறி நின்றால் முள் சுற்றி வந்து நிற்கும் ரகம். அதன் கண்ணாடியில் அறுபத்திரண்டுக்கு நேராக ஒரு சிவப்புக் கோடு இருக்கும். டாக்டர் எனக்கு வைத்த அளவு அது என்று என் மனைவி இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள். நானும் திருத்தவில்லை. திருத்தினால் முழுக்கதையும் சொல்ல வேண்டும், அந்தக் கதையில் நான் நல்லவன் இல்லை.

தாம்பரம் பக்கம் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் வேலையில் இருந்தேன். வாரம் ஒருநாள் கிராமங்களுக்குக் கண் சிகிச்சை முகாம் போவோம். முன்னால் ஜீப், அதன் கொக்கியில் இரண்டு சக்கர டிரெய்லர். டிரெய்லரில் ஜெனரேட்டர், தண்ணீர் பேரல், கண் பார்க்கும் கருவிகள், மடக்கு நாற்காலிகள். ஜீப் ஓட்டிய டிரைவர் என்னைவிடப் பத்து வயது இளையவர், பம்மல்காரர். அன்றைக்கெல்லாம் ‘அவன்’ என்றுதான் சொல்வேன். இன்று வாய் வரவில்லை.

டிரெய்லர் விஷயத்தில் அவர் பிடித்த பிடியை விட மாட்டார். ஜீப்பில் மாட்டுவதற்கு முன் அதைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குச் செங்கல் அண்டக்கொடுத்து, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு மூக்கை எடை மிஷின்மேல் பலகை போட்டு இறக்கிவைப்பார். அது நோயாளிகள் ஏறி நிற்கும் மிஷின். மொத்தச் சுமையில் பத்தில் ஒரு பங்கு மூக்கில் உட்கார வேண்டும் என்பது அவர் கணக்கு. மூக்கு மிஞ்சிக் கனத்தால் ஜீப்பின் முன்சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் சொன்ன பேச்சு கேட்காது. மூக்கு லேசானால் வால் ஆடும், அந்த ஆட்டம் ஜீப்பையே ஆட்டிவைக்கும். ஜெனரேட்டரை ஒரு சாண் முன்னே, அரைச் சாண் பின்னே என்று தள்ளித் தள்ளி ஒருநாள் எடை சரியாக வந்தது. அதே மிஷினில் என்னை ஏறச் சொன்னார். அறுபத்திரண்டு. மூக்கின் எடையும் அதுவேதான். “மூக்குல ஒரு சார் நிக்கணும், அவ்ளோதான்” என்றார். எங்களோடு வரும் நர்ஸ் சிஸ்டருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவர்தான் சிவப்பு பெயின்ட்டால் அந்தக் கோட்டைப் போட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு முகாமிலும், எடை சரியாக இருக்கிறதா என்பதற்கு, “ஒரு சார் கீதா?” என்ற கேள்விதான்.

என்னை அளவுகோல் ஆக்கியதில் எனக்கு உள்ளூரப் பெருமை. ஆனால் அந்த மனுஷன் என்னை வேலை வாங்குவது மட்டும் பிடிக்காது. திரும்பி வரும்போது இன்னொரு தலைவலி உண்டு. பேரல் டிரெய்லரின் முன்பக்கம் இருந்ததால், தண்ணீர் தீர்ந்ததும் மூக்கு லேசாகிவிடும். ஜெனரேட்டரை முன்னுக்குத் தள்ளி, மறுபடி எடை பார்க்க வேண்டும். களைத்துப்போய் நிற்கும் நேரத்தில் இந்த ஆள் என்ன இத்தனை பேஜார் பண்ணுகிறான் என்று எரிச்சல் வரும்.

பொத்தேரி தாண்டி உள்ளே ஒரு ஊரில் அன்றைக்கு முகாம். நல்ல வெயில் காலம். முகாம் முடிந்து, நடக்க முடியாத இரண்டு நோயாளிகளை வீட்டில் விட டிரைவர் ஜீப்பை எடுத்துக்கொண்டு போயிருந்தார். சாமான் ஏற்றும் பொறுப்பு என்னுடையது. ஊர்க்காரர்கள் நன்றிக்காக இரண்டு மூட்டை தர்பூசணி கொண்டுவந்தார்கள். டிரெய்லரின் கதவு பின்பக்கம். முன்னால் நகர்த்த அலுப்புப்பட்டு ஜெனரேட்டரைக் கதவோரமாகவே விட்டேன், மூட்டைகளையும் அதன்மேல் சாய்த்தேன். எடை மிஷின் எல்லாவற்றுக்கும் அடியில் போய்விட்டது. ஜீப் வந்து நின்றது. “ஒரு சார் கீதா சார்?” என்று கேட்டார். ஊர்க்காரர்கள் சுற்றி நின்றார்கள். “கீது, கீது” என்றேன், அவர் பாஷையிலேயே, கிண்டலாக. எல்லோரும் சிரித்தார்கள். அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு மூக்கைத் தூக்கிக் கொக்கியில் மாட்டினார்.

பெருங்களத்தூருக்கு முன்னால் ஒரு பாலத்து இறக்கத்தில் வால் ஆட ஆரம்பித்தது. முதலில் லேசாக, பிறகு ஜீப்பே இடமும் வலமும் இழுபட்டது. நான் “பிரேக் போடு” என்று கத்தினேன். அவர் போடவில்லை. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பிரேக் போட்டிருந்தால் டிரெய்லர் எங்களையும் மடக்கிப் போட்டிருக்கும் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. வேகம் குறைந்த நேரத்தில் டிரெய்லர் ஓரக்கல்லில் மோதிக் கவிழ்ந்தது. ஜி.எஸ்.டி. ரோடு முழுக்கத் தர்பூசணி உருண்டது. சிஸ்டருக்கு மணிக்கட்டு முறிந்தது. கண் பார்க்கும் கருவிகள் தூள்.

மறுநாள் நிர்வாக அதிகாரி எங்கள் இருவரையும் நிற்கவைத்து, யார் ஏற்றியது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் “நாந்தான் சார்” என்றார் டிரைவர். அந்த வாயை நான் அப்புறமும் திறக்கவில்லை. எனக்கு இரண்டு பெண் குழந்தைகள், நிரந்தர வேலை. அவருக்கும் குடும்பம் இருந்தது, அதை நான் நினைக்கவில்லை. அந்த வாரமே அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். விபத்தில் தப்பிய அந்த எடை மிஷினைப் பிறகு ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்டபோது கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஏன் என்று என்னையே நான் கேட்டுக்கொண்டதில்லை.

போன மாதம் பம்மலில் ஒரு வேலை முடிந்து ஷேர் ஆட்டோவில் ஏறப்போனேன். “சார், பின்னாடி வாணாம், முன்னாடி வந்து குந்துங்க” என்றது ஒரு குரல். எல்லோரையும் கனம் பார்த்து இடம் மாற்றி உட்காரவைத்துக்கொண்டிருந்த நரைத்த தலையைப் பார்த்தேன். அவரேதான். வழியெல்லாம் என் பேத்தியைப் பற்றியும் அவர் மகனைப் பற்றியும் பேசினோம். கடைசி ஸ்டாப்பில் மற்றவர்கள் இறங்கிய பிறகு, “அன்னிக்கு நான் எடை பார்க்கலை. பொய் சொன்னேன்” என்றேன்.

“தெரியும் சார். மூக்கத் தூக்கும்போதே கைக்குத் தெரிஞ்சிட்ச்சு. பூ மாதிரி வந்துச்சு.”

“அப்புறம் ஏன் ஓட்டினீங்க?”

“அத்தினி பேரு நின்னுகினு இருந்தாங்க. நீங்க கீதுன்னுட்டீங்க. அப்பால நான் மூட்டைய எறக்கிப் பார்த்தா, சாருக்கு இன்னா மரியாதை?” ஆட்டோவின் முன்கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார். “தெரிஞ்சே ஓட்டனவன் நான். அதான் நாந்தான்னு சொன்னேன். எனக்காவ நீங்க பேசுவீங்கன்னு பார்த்தேன், அது நெசம்.”

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வரச் சொன்னேன். வருகிறேன் என்றார்.

மாடம்பாக்கத்தில் வீடு வந்து சேர்ந்ததும் மனைவியை உட்காரவைத்துக் கோட்டின் கதையைச் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவள் எழுந்துபோய் மிஷினைக் கூடத்துக்குத் தூக்கிவந்து, தூசி தட்டி, என் முன்னால் வைத்தாள். நான் ஏறி நின்றேன். முள் ஆடி ஆடி ஐம்பத்து நாலில் நின்றது. ஒரு சாருக்கு எட்டு கிலோ குறைவு.