ஆழ்கடல் நத்தைக்காக வாதாடிய மலர்விழி

மலர்விழியின் தம்பி தலவாக்கலையிலிருந்து அழைத்தபோது நான் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். "அக்கா நம்மள விட்டுட்டுப் போயிட்டாங்க, சேர்." அன்றே புறப்பட்டேன்.

மலர்விழியும் நானும் சேர்ந்து செய்த வேலையை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வெளிச்சம் எட்டாத கடலடியில் வெந்நீர் பீறிடும் ஊற்றுகள் உண்டு. அவற்றைச் சுற்றி நத்தைகளும் இறால்களும் வாழ்கின்றன. ஓர் ஊற்றில் பிறக்கும் குஞ்சு தொலைவிலுள்ள இன்னோர் ஊற்றைப் போய்ச் சேருகிறதா என்பதை மரபணுக்களை ஒப்பிட்டுக் கண்டறிவோம்.

இலங்கை மலையகத்தில், திம்புள்ளப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயமொன்றில் பிறந்தவர் மலர்விழி. முதல் கப்பல் பயணத்தில் வாந்தி எடுத்து ஓய்ந்தவரிடம், திரும்பிவிடலாமா என்று கேட்டேன். "கடல் என்னைப் பழகிக்கட்டும்" என்றார்.

முதலில் ஒரே ஒரு மரபணுவை வைத்துப் பார்த்தோம். இரண்டு ஊற்றுகளின் நத்தைகளும் ஒன்றுபோலத் தெரிந்தன. கட்டுரையை அனுப்பிவிடலாம் என்றேன். அவர் ஒப்பவில்லை. "ஒரு ஜன்னல்ல எட்டிப் பார்த்துட்டு வீடு முழுக்கப் பார்த்தேன்னு எழுதலாமா?" முழு மரபணுத்தொகுதியையும் படித்தோம். இரண்டு ஊற்றுகளின் இறால்களும் ஒன்றோடொன்று கலந்திருந்தன. நத்தைகளோ நெடுங்காலமாகக் கலக்கவே இல்லை.

அந்த இரண்டு ஊற்றுகளில் ஒன்றைத் தோண்டிக் கனிமம் எடுக்க ஒரு நிறுவனம் அனுமதி கேட்டிருந்தது. அது பற்றிய இணையவழி விசாரணை வந்தபோது மலர்விழி சிகிச்சைக்கு நடுவே வீட்டிலிருந்தார். தோட்டத்தில் சிக்னல் சரியில்லை. டவுனில் தம்பியின் போன் கடைக்கு வந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"ஒடம்பு முடியாத நேரத்துல இது தேவையா, புள்ள?" என்றார் கூட வந்திருந்த அவருடைய அம்மா.

"வேற யாரும்மா பேசுவாங்க? முடிச்சிட்டுப் படுத்துக்கிறேன்."

தோண்டிய இடத்தை மற்ற ஊற்றுகளின் குஞ்சுகள் வந்து நிரப்பிவிடும் என்றார் நிறுவனத்தின் நிபுணர். மலர்விழி ஆங்கிலத்தில் நிதானமாகக் கேட்டார்: "எந்த உயிரின் குஞ்சு? இறால் வரும். நத்தை எங்கிருந்து வரும்?"

நிபுணர் திரையில் அடுத்த படத்துக்குத் தாவினார். மலர்விழி மறுபடி கேட்டார். குரல் கம்மியது. தண்ணீர் குடித்துவிட்டு இன்னொரு முறையும் கேட்டார். விசாரணைத் தலைவர் குறுக்கிட்டு, பதில் சொல்லுங்கள் என்றார்.

"அது எங்களுக்குத் தெரியாது" என்றார் நிபுணர்.

அந்த ஊற்றுக்கான அனுமதி நிறுத்திவைக்கப்பட்டது. நான் கைதட்டினேன். மலர்விழி தட்டவில்லை. "நிறுத்தித்தான் வச்சிருக்காங்க, மறுக்கல. இன்னும் வேலை இருக்கு" என்றார்.

மூன்றாவது ஊற்றொன்றின் நத்தைகள் எங்கள் குளிர்பெட்டியில் இருக்கின்றன. அடக்கம் முடிந்து திரும்பிய மறுநாளே, அவற்றின் மரபணுக்களையும் ஒப்பிட்டுப் பார்க்க வெளியே எடுத்தேன். மலர்விழியிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த விடாப்பிடியை. விசாரணை மறுபடி கூடும்போது, அவருடைய பெயர் முதலிலும் என் பெயர் அடுத்தும் இருக்கும் முடிவுகளோடு போய் உட்காருவேன்.