காருக்கு முன்னே நான் மோதிய மூட்டைகள்

சாவியும் சோக்கும்

மட்டாஞ்சேரிப் பட்டறையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலை, முதலாளி வர்க்கிச் சேட்டன் ஒரு அம்பாசடரின் சாவியை என்னிடம் கொடுத்து, வண்டியை ஷெட்டுக்குள் கொண்டுவரச் சொன்னார். இரவெல்லாம் மழையில் நனைந்து நின்ற வண்டி. நான் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் இருமியது, அடங்கியது. மீண்டும் திருப்பினேன். ஆக்ஸிலேட்டரை மிதித்து மிதித்துத் திருப்பினேன். பெட்ரோல் ஓவர்ஃப்ளோ ஆகி, பிளக்குகள் நனைந்து, பேட்டரியும் களைத்துப் போயிற்று. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப முதலில் சோக்கை இழுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்த எந்தக் கதாநாயகனும் அதை இழுத்ததில்லை.

"அவன் ஓடி வந்து ஏறும், வண்டி ஸ்டார்ட்டாகும். அது சினிமா மோனே," என்றார் வர்க்கிச் சேட்டன். "நீ அந்தப் பிளக் நாலும் அழிச்சுத் துடை."

நான்கு பிளக்குகளையும் கழற்றித் துடைத்தபடியே சினிமாவின் மீது ஒரு குற்றப்பத்திரிகை தயாரிக்கத் தொடங்கினேன். எங்கள் தமிழ் இளைஞர் மன்றத்தில் பட்டிமன்றம் ஏறி எதிரணியைத் திணறடித்துப் பழகியவன் நான். தோல்வியை வாதமாக மாற்றாமல் விடுகிற வழக்கம் எனக்கு இல்லை. அடுத்து வந்த மாதங்களில் அந்தக் குற்றப்பத்திரிகை வளர்ந்தது. நேரான சாலையில் கதாநாயகன் ஸ்டியரிங்கை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே போகிறான். எங்கள் பஜார் ரோட்டில் அப்படி ஆட்டினால் முதல் ஆட்டில் மிளகுக் கிடங்கு, இரண்டாம் ஆட்டில் சுக்குக் கிடங்கு. கியரை மாற்றுவதே இல்லை. காதலியின் முகத்தைப் பார்த்தே களமசேரி வரை ஓட்டிவிடுவான் போலிருக்கிறது. மணலில் பிரேக் போட்டாலும் டயர் கீச்சிடுகிறது. பள்ளத்தில் விழுந்த கார் உடனே வெடித்துத் தீப்பிடிக்கிறது. காயலில் விழுந்த வண்டிகளைக் கயிறு கட்டி இழுத்த அனுபவத்தில் சொல்கிறேன்: அவை நனைந்திருந்தன, ஒன்றுகூட எரிந்திருக்கவில்லை.

இத்தனையும் மேடைக்குப் போதும். பட்டறைக்குப் போதாது என்று நான் அறிந்தது எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு சினிமாக் கம்பெனி சென்னையிலிருந்து எங்கள் தெருவுக்கு வந்தபோது.

கிருஷ்ணன் அண்ணனுக்கு வந்த வேடம்

அவர்களுக்கு ஒரு துரத்தல் காட்சி தேவைப்பட்டது. கதாநாயகன் டாக்ஸி ஓட்டித் தப்பி ஓடுகிறான். பஜார் ரோட்டில் வழியை மறித்து அடுக்கிய மூட்டைகளை இடித்துச் சிதறடித்துக்கொண்டு போகிறான். நடிகருக்கோ கார் ஓட்டவே தெரியாது. ஆகவே டாக்ஸியோடு அதன் டிரைவரையும் வாடகைக்குக் கேட்டார்கள்.

அந்த டாக்ஸி கிருஷ்ணன் அண்ணனுடையது. படகு ஜெட்டி ஸ்டாண்டில் வண்டி போடுகிறவர்; மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்த தமிழர். வீட்டில் ஐந்து பேர் சாப்பிடுவது அந்த ஒரு வண்டியால். அதன் எஞ்சினைப் பிரித்து, போரிங் செய்து, புதுப் பிஸ்டன் போட்டு அப்போதுதான் எங்கள் பட்டறையிலிருந்து எடுத்துப் போயிருந்தார். கதாநாயகனின் சட்டையையும் ஒரு டோப்பா முடியையும் போட்டுக்கொண்டு தாமே ஓட்டப் போவதாக அவர் வந்து சொன்னபோது, அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

நான் எதிர்வாதம் செய்தேன். பம்பருக்குப் பின்னால் கிரில், கிரில்லுக்குப் பின்னால் ரேடியேட்டர், அதற்குப் பின்னால் ஒரு கை அகலத்தில் ஃபேன். முன்பக்கம் வலுவாக அடி வாங்கினால் ஒன்று மற்றொன்றுக்குள் புகும். ஸ்டியரிங் ராடோ முன்பக்கத்திலிருந்து டிரைவரின் நெஞ்சை நோக்கி வருகிற ஒரே நீள இரும்பு. இப்படி வரிசையாக எடுத்து வைத்தேன்.

"தம்பி, நீ மேடைல பேசி கப்பு வாங்கு, நான் வந்து கை தட்டறேன்," என்றார் அவர். "என் மூஞ்சி சினிமால வர்றதுக்கு மட்டும் குறுக்க நிக்காதே."

முகம் வராது, முதுகும் டோப்பாவும்தான் வரும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வண்டிக்கு ஏதாவது நேர்ந்தால் பார்த்துக்கொள்ள, வர்க்கிச் சேட்டன் என்னையே அவரோடு அனுப்பிவைத்தார்.

தலையணை வாதம்

ஞாயிற்றுக்கிழமை. கிடங்குகள் அடைத்திருந்தன, மாடி ஜன்னல்களில் எல்லாம் தலைகள். சினிமாக்காரர்கள் உமி நிரப்பிய சாக்குகளை லாரியில் கொண்டு வந்திருந்தார்கள். ஆனால் பஜார் ரோட்டில் எந்தச் சாக்கையும் சுமை தூக்குகிற சுமட்டுத் தொழிலாளிகளைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது. வெறும் சாக்கானாலும் அதுதான் யூனியன் விதி. ஆகவே அவர்களின் தலைவர் அலியாரிக்காவும் ஆட்களும் அதிகாலையிலேயே மூட்டைகளை இறக்கி, ஆளுயரத்துக்கு மேல் அடுக்கி முடித்திருந்தார்கள். அழகான அடுக்கு, சுவர்க் கட்டுமானம் போல ஒவ்வொரு மூட்டையும் கீழே உள்ள இரண்டைப் பிடித்துக்கொண்டு நின்றது.

காட்சியை நடத்தியவர் பாஸ்கர் என்னும் உதவி இயக்குநர். நல்லவர், அவசரக்காரர். வண்டி நாற்பது மைல் வேகத்தில் வரவேண்டும் என்றார். நான் மறுத்தேன். உள்ளே இருப்பது உமிதான், தலையணைக்குச் சமம் என்றார் அவர். எதிராளி ஒரு கருத்தைச் சொன்னால் அதை ஏற்றுக்கொண்டு அதன் எல்லைக்கே நடத்திச் செல் என்பது மேடையில் நான் கற்ற உத்தி.

"தலையணைன்னா முதல்ல நீங்க ஓடி வந்து மோதிக் காட்டுங்க சார்," என்றேன்.

அவர் தம் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். பிறகு என் காக்கிச் சட்டையைப் பார்த்தார். "நான் மோதினா சட்டை பாழாயிடும் தம்பி. நீங்கதான் அதுக்குன்னே டிரஸ் பண்ணிட்டு வந்திருக்கீங்க."

மாடிகள் சிரித்தன. டோப்பாவோடு காருக்குள் உட்கார்ந்திருந்த கிருஷ்ணன் அண்ணன் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார். உண்மையைச் சொன்னால், உள்ளே உமி இருப்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் அத்தனை பேர் முன்னால் பதில் இல்லாமல் நிற்க என்னால் ஆகாது. பத்தடி பின்னே போய், தோளை முன்னே நீட்டி ஓடினேன்.

என் தோள் தலையணைக்குள்தான் புகுந்தது. இடுப்பும் தொடையும் மதிலில் மோதின. மேலே இருந்த மூட்டைகள் என்மீது சரிந்து, ஒன்று வாய் பிளந்து, கண்ணிலும் காதிலும் சட்டைக்குள்ளும் உமி. அலியாரிக்கா கையை நீட்டி என்னை வெளியே இழுத்தார்.

"அடியில மூணு வரி அரிச்சாக்காக்கும்," என்றார், எல்லோருக்கும் தெரிந்த செய்தியைச் சொல்வதுபோல. பக்கத்துக் கிடங்கிலிருந்து இரவல் எடுத்த அரிசி மூட்டைகள்.

பாஸ்கர் மூட்டைகளருகே ஓடி வந்தார். "யாரு வைக்கச் சொன்னா?"

"ஆரு சொல்லணும்? உமி மட்டும் வெச்சா காயல் காத்துக்கு மறிஞ்சு விழும். மூட்டை அட்டி மறிஞ்சா ஆளு சாகும் சாரே. மறியாம வெக்கத்தான் எங்களுக்குத் தெரியும். மறியறதுக்கு வெக்க யாரும் சொல்லித் தரல."

சிரிப்பு அடங்கிவிட்டது. கிருஷ்ணன் அண்ணன் காரை விட்டு இறங்கி வந்தார். அடி மூட்டை ஒன்றைக் கையால் தள்ளிப் பார்த்தார். காலால் தள்ளிப் பார்த்தார். அது அசையவில்லை. மூன்று வரிசையின் உயரமும் தம் வண்டியின் ரேடியேட்டர் உயரமும் ஒன்று என்பதை அவர் திரும்பிப் பார்த்தபோதே நானும் பார்த்தேன். டோப்பாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஸ்டியரிங்கு என் நெஞ்சுக்கு நேராக்கும் இருக்கு," என்றார் மெதுவாக.

நான் அடுக்கிய அடுக்கு

படப்பிடிப்பு நிற்கவில்லை. அரிசி மூட்டைகள் கிடங்குக்குத் திரும்பின. ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு பலகையைக் கட்டினேன். வேகத்துக்கும் வழி இருந்தது. கேமராவை மெதுவாக ஓடவிட்டுப் படம் எடுத்தால், ஊர்ந்து வருகிற வண்டியும் திரையில் பறக்கும் என்றார் கேமராக்காரர். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றேன். யாரும் கேட்கவில்லையே என்றார்.

எஞ்சிய சிக்கல் அடுக்குவதுதான். தொட்டால் சரியும்படி வைக்கச் சொன்னார் பாஸ்கர். அலியாரிக்காவின் ஆட்கள் முயன்றார்கள். முதல் அடுக்கு உறுதியாக நின்றது. பிரித்து மீண்டும் வைத்தார்கள், அதுவும் நின்றது. கோணலாக வைக்க நினைத்தாலும் கை தானாக நேராக்கிவிடுகிறது என்று ஒருவர் வெட்கத்தோடு சொன்னார். கடைசியில் அலியாரிக்கா என்னைச் சுட்டிக்காட்டினார்.

"இவன் வெக்கட்டும். இவன் வெச்சா நிக்காது."

இப்படியாக, வெளியாள் எவனும் சாக்கைத் தொடக்கூடாத பஜார் ரோட்டில், யூனியன் அனுமதியோடு மூட்டை அடுக்கிய ஒரே மெக்கானிக் ஆனேன். என் அடுக்கு கார் வருவதற்கு முன்பே ஒருமுறை தானாகச் சரிந்தது. கிருஷ்ணன் அண்ணன் இரண்டாம் கியரில் நடக்கிற வேகத்தில் வந்து இடித்தார், உமி மழையாகப் பொழிந்தது, பாஸ்கர் துள்ளினார். ஏர் ஃபில்டரிலிருந்து உமி எடுத்து முடிக்க எனக்குத்தான் பல நாள் ஆயிற்று.

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிகளே, சினிமாக் கொட்டகையில் எதற்கும் எடை கிடையாது. காருக்கு இல்லை, மூட்டைக்கு இல்லை, உள்ளே இருக்கிற மனிதனுக்கும் இல்லை. பட்டறையில் நாம் செய்வதெல்லாம் எடைகளோடு செய்கிற வேலை. வண்டியை ஓட்டச் சொல்வதற்கு முன் எதிரே இருப்பதைத் தள்ளிப் பாருங்கள். ஓடிப் போய்த் தோளால் தள்ள வேண்டாம், கையே போதும்.

படம் வந்ததும் முதல் காட்சிக்கு கிருஷ்ணன் அண்ணன் வீட்டாரோடு என்னையும் அழைத்துப் போனார். நடக்கிற வேகத்தில் வந்த வண்டி பறந்தது. காய்ந்த மண்ணில் டயர் கீச்சிட்டது. அவருடைய டோப்பா தெரிந்ததும் பிள்ளைகள் நாற்காலிமேல் ஏறிக் கைதட்டினார்கள். அண்ணன் தட்டவில்லை. மூட்டைகள் நெருங்க நெருங்க, இருட்டில் அவருடைய வலது கால் பிரேக்கை மிதிப்பதுபோலத் தரையை அழுத்தி மிதித்தது. குனிந்து பார்த்தேன், என் காலும் மிதித்துக்கொண்டிருந்தது.